சேர்வதா, வெளியே நிற்பதா

தை 5, திங்கள்
பனியா புகையா தெரியவில்லை. எதிர்க் கட்டடம் மறைந்துவிட்டது. இருமல். மாத்திரை வாங்க வேண்டும்.

செல்லத்துரை டீக்கடையில் வழக்கம்போல் பேப்பரை நான்தான் உரக்கப் படித்தேன். பிழைக்க வந்த இந்த வடக்கத்தி ஊரில் தமிழ் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. மேற்கே ஒரு பெரிய நாடு தன் தலைமையில் சமாதான அவை அமைக்கிறதாம். வளைகுடாப் பக்கத்துச் சண்டையை நிறுத்தவாம். நமக்கும் அழைப்பு. அண்டை நாடுகளோ, எல்லோரும் கூடிப் பேசி ஒரே பதிலாகச் சொல்வோம் என்கின்றன. தில்லி யோசிக்கிறது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சேரக் கூடாது" என்றேன்.

காதர் டம்ளரைக் கீழே வைத்தார். பை தைக்கும் பட்டறைக்காரர், நெடுநாள் பழக்கம். "ஒத்துமையெல்லாம் பொறவு பாத்துக்கலாம்வே. எம் மவன் அங்க சைரன் சத்தத்துல கெடக்கான். எவன் நிறுத்துனா என்ன, குண்டு நிக்கணும்."

"அடுத்தவன் நாட்டாமைக்கு நாம எதுக்குவே தலையாட்டணும்?"

"உமக்கு அங்க புள்ள இல்ல. பேசுவீரு."

போய்விட்டார். அரை டம்ளர் கட்டிங் டீ, அதிலும் பாதி மீதி.

தை 6, செவ்வாய்
காதர் வரவில்லை.

நான் சொன்னது சரிதான். முன்பு நான் வேலை பார்த்த லேத் பட்டறை வேலைநிறுத்தத்தில் முதலாளி எங்களைச் சேர்த்துக் கூப்பிடவில்லை. ஒவ்வொருவராக உள்ளே. ஆளுக்கொரு சலுகை, ஒரு கையெழுத்து. கடைசியில் வாசலில் நான் மட்டும். தனித்தனியாகப் போனால் அதுதான் நடக்கும், ஆளுக்கும் நாட்டுக்கும்.

அந்த மழைக்காலம் முழுவதும் வீட்டுக்கு அரிசி கொடுத்தனுப்பியது காதர். அதுவும் நினைவிருக்கிறது.

தை 8, வியாழன்
மாத்திரை வாங்கியாயிற்று. இருமல் அப்படியே.

காதர் இரண்டு கடை தள்ளி டீ குடிக்கிறாராம். போனில் இந்திச் செய்தி கேட்கிறாராம். கேட்கட்டும்.

செல்லத்துரை: "அவரு மவன் போன் எடுக்க மாட்டேங்கானாம் அண்ணாச்சி."

இன்று உரக்கப் படிக்கவில்லை. போர்ச் செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவன் இருக்கும் ஊர்ப் பெயர் இல்லை.

தை 10, சனி
வெயில். காதர் வந்தார். பக்கத்து பெஞ்சில், முதுகு காட்டி.

"மவன் பேசிட்டானா?"

"பேசிட்டான்." அவ்வளவுதான்.

"பேப்பர் கேக்க வந்தீயளா பாய்?" என்றான் செல்லத்துரை.

"டீ குடிக்க வந்தேம்லே."

முதல் பக்கம். நாம் இப்போதைக்குச் சேரவில்லை. கூட்டத்துக்குப் பார்வையாளராக மட்டும் ஒருவர் போவார்.

"நம்ம காதர் பாய் மாதிரி" என்றான் செல்லத்துரை. சிரிப்பு. காதர் திரும்பவில்லை.

உள்பக்கத்தில், சேரத்தான் வேண்டும் என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அதையும் படித்தேன், ஒரு வரி விடாமல், பக்கத்து பெஞ்சுக்குக் கேட்கும்படி. தொண்டை கட்டிவிட்டது. முடித்ததும், "இருந்தாலும் சேரக் கூடாது" என்றேன்.

"அந்தக் கடைசிப் பத்திய இன்னொருக்கப் படியும்வே" என்றார் காதர், திரும்பாமலே.

படித்தேன்.