செவ்வாய்க்காரர்கள் சிவந்த காரணம்

நியூயார்க், மார்ச் 1953

அன்புள்ள அம்மா,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் காமிக்ஸில் முதலில் அட்டைப்படம் வரைவார்கள். அதற்குத்தான் நான் கதை எழுதவேண்டும். இம்முறை அட்டையில் பச்சையாக விண்கலம் ஏறிய செவ்வாய்க் கிரகக்காரர்கள், உள்பக்கங்களில் பூமியில் சிவப்பாக இறங்கிவிட்டார்கள். வண்ணம் தீட்டியவரின் தவறு.

"படத்தை இனிமே மாத்த முடியாது. ஏன் செவந்தாங்கன்னு ஒரே வரியில சொல்லுய்யா, இல்லேன்னா நடையைக் கட்டு!" என்று கத்தினார் ஆசிரியர் ஃபென்விக்.

"ஊர் நெனப்பு வந்தா செவந்துடுவாங்க சார்," என்றேன் சட்டென்று.

"அட படவா!" என்று சிரித்து, அதையே அச்சேற்றினார். என் வேலையை இனி யாரும் அசைக்க முடியாது.

உன் பிளம் ஜாம் ஒரு புட்டி அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இதழை இத்துடன் வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கம்வரை அவர்கள் ஒருமுறைகூடப் பச்சைக்குத் திரும்பவில்லை.

உன் மகன்,
ஆர்வில்