வெள்ளை பூத்த நாற்பத்தோரு பேர்

ஹக்னல், இங்கிலாந்து,
18 அக்டோபர் 1993

அன்புள்ள வில்ஃபுக்கு,

நான் நலம். நீயும் ஆப்பிரிக்காவில் அந்த லெசோத்தோ மலையைத் தண்ணீர்ச் சுரங்கத்துக்காகக் குடைந்துகொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் சிப்பாய்கள் உயிரோடு இருக்கிறார்கள். நாற்பத்தோரு பேரும். மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி. ஏனென்றால் போன செவ்வாய்க்கிழமை அவர்களை நான் தீர்த்துக்கட்டிவிட்டேன் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமைப் பொம்மைக் கண்காட்சிக்குள் அவர்களுக்கு வார்னிஷ் அடித்து நெவிலிடம் கொடுத்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய். "காய்ந்த நாளாகப் பார்த்து அடி" என்று அடிக்கோடும் போட்டிருந்தாய். தெரியும், குத்திக்காட்டாதே. பத்து நாளாக இங்கே மழை விட்டபாடில்லை, நான் எந்தக் காய்ந்த நாளுக்கு எங்கே போவேன்? கொல்லைக் கொட்டகையின் கதவைத் திறந்து வைத்து, ஈரக் காற்றிலேயே ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி அடித்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அய்யோ! ஒருவன் மேலும் நிறமில்லை. கரிக்கறுப்புக் கவசத்தையும் காணோம், தலைவிளக்கு மஞ்சளையும் காணோம். மாவு மூட்டைக்குள் விழுந்து எழுந்தவர்கள் மாதிரி அத்தனை பேரும் வெளுத்துப்போய் நின்றார்கள்.

வில்ஃப், நான் உட்கார்ந்து அழுதேன். பொம்மைக்கா அழுதாய் என்று கேட்காதே. இங்கே நம்மூர் நிலக்கரிச் சுரங்கத்தை மூடிய அந்தக் குளிர்காலத்தில் நீ நான்கு மாதம் வாயே திறக்கவில்லை. சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ம்". டாக்டரிடம் போவோமா என்றாலும் "ம்". அப்புறம்தான் நெவில் அந்த ஈய உருவங்களைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தான். விண்வெளியில் சண்டை போடுகிற சிப்பாய்களாம், ஒவ்வொருவனும் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. நான் கேலி செய்தேன். ஆனால் ஒரு சாயங்காலம் "டோரீன், இந்த பூட்ஸுக்கு என்ன கலர் அடிக்கலாம்?" என்று நீயாகவே கேட்டாய். அன்று நான் சமையலறைக்குப் போய், சத்தம் வெளியே வராமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது உனக்குத் தெரியாது. உன்னைத் திரும்பப் பேசவைத்தவர்களை நான் ஒரு டப்பா வார்னிஷில் ஒழித்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு உன் ஒப்பந்தம் முடிகிறது. வேலையும் இல்லாமல், இவர்களும் இல்லாமல் வீட்டுக்கு வந்தால் மறுபடி அந்த "ம்"முக்கே போய்விடுவாயோ என்றுதான் பயந்தேன்.

அந்தப் பதற்றத்தில் இன்னொரு கூத்தும் அடித்தேன். ஒருவனை எடுத்து, டர்பன்டைனில் முக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். வெள்ளை போயிற்று. கூடவே கண், மூக்கு, வாய் எல்லாம் போயிற்று. வெறும் ஈயம். யாரைக் கெடுத்தோம் என்று திருப்பிப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் "வில்ஃப்" என்று எழுதியிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொருவனாகத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டான். ஏர்னி. குட்டை மோரிஸ். உன் ஷிப்டில் இறங்கியவர்கள் ஒருவர் விடாமல் இருக்கிறார்கள். சுரங்கம் மூடியதிலிருந்து இவர்களில் ஒருவர் பெயரையாவது என் காதுபடச் சொல்லியிருக்கிறாயா? திருட்டு மனுஷா.

நெவிலுக்குப் போன் செய்தேன். நீ இங்கே இருந்தவரை ஒவ்வொரு வியாழனும் கிளப்பில் இந்தச் சிப்பாய் ஆட்டத்தில் உன்னிடம் தோற்றுப் புலம்பிய ஆள், குஷியாகிவிடுவான் என்று நினைத்தேன். பஸ் டிரைவர் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடி வந்தான். வந்ததும், "ஏம்மா டோரீன், மழையில வார்னிஷ் அடிச்ச ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். சரி, பொய் எதுக்கு, நானே ரெண்டு தடவை அடிச்சிருக்கேன்" என்றான். அடுத்து, காது அடைத்தால் விடுகிற ஆலிவ் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டான். இவனுக்கும் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். தூரிகையில் தொட்டு ஒருவன் தோள்மேல் ஒரு சொட்டு வைத்தான். கறுப்பு எட்டிப் பார்த்தது! நெற்றியில் ஒரு சொட்டு, மஞ்சள் விளக்கு வந்துவிட்டது. ஈரத்தில் வார்னிஷ்தான் வெளுத்திருக்கிறதாம், நிறம் அடியில் அப்படியே இருந்திருக்கிறது. நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடும்மா, யூனிஃபார்ம் எல்லாம் எண்ணெய்" என்று கத்தினான். பாவம்.

எண்ணெய் தடவித் துடைக்கும்போது அவனும் பெயர்களைப் பார்த்துவிட்டான். பன்னிரண்டு வருஷம் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிய பஸ் அவனுடையதுதானே, யாரைத் தெரியாது? அவன் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. வெள்ளிக்கிழமைக்குள் ஹக்னல் முழுக்கத் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை கண்காட்சிக்கு உன் ஆட்கள் பத்தொன்பது பேர் வந்தார்கள், வில்ஃப். சிலர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்தவர் உருவத்தைக் கேட்காமல் தொடக் கூடாது என்பது அந்தப் பொம்மைக்காரர்கள் கூட்டத்தில் வேதம் மாதிரி. இவர்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? ஆளுக்கொன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நெவில் தலையில் அடித்துக்கொண்டான். "ஏண்டா, ஏர்னிக்கு இம்மாம் பெரிய பீரங்கி, எனக்கு மட்டும் ஒரு துக்கடா துப்பாக்கியா?" என்று ஸ்டான், நீ இல்லாத குறைக்கு நெவிலிடம் சண்டைக்கு வந்தான். குட்டை மோரிஸ் தன்னை உயரமாகச் செய்திருக்கிறாய் என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தான். ஏர்னி தன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தான். பரிசு கிடைக்கவில்லை. விரல் ரேகை படிந்த படைக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால் அந்த மண்டபத்தில் உன் மேஜையில்தான் கூட்டம்.

நீ வந்ததும் முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வருவார்களாம். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, கேட்கப் போவதுமில்லை.

கடைசியாக அந்த முகம் அழிந்தவன். வெறும் ஈயமாகக் கண்காட்சிக்கு அனுப்ப மனம் வரவில்லை. நெவில் தீட்டித் தருகிறேன் என்றான், நான் விடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நானே தீட்டினேன். ஒரு கண் கொஞ்சம் மேலே போய்விட்டது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்டான் அதைப் பார்த்துவிட்டு, "இது வில்ஃப் மாதிரியே இல்லையே டோரீன், இவன் சிரிக்கிறானே" என்றான். நான் தீட்டியதுதான் என்றேன். அவன் அதை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தான்.

சுரங்கத்துக்குள் தலையைப் பார்த்து நட. கடவுள் உன்னோடு இருக்கட்டும். வந்ததும் வேறு யாரை வேண்டுமானாலும் திருத்து, அடி வாங்கினவர்களுக்கெல்லாம் புதிதாக வர்ணம் பூசு. அந்த ஒரு முகத்தில் மட்டும் கை வைக்காதே, வில்ஃப். அது அப்படியே இருக்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
டோரீன்