பொருந்திய அறுபத்து நான்கு எழுத்துகள்

மார்ச் 4
உடைந்த போன்களிலிருந்து படம், பேச்சு எல்லாம் மீட்டுக் கொடுப்பது எங்கள் கடை வேலை. ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இது கிடைத்ததே பெரிது. நாளை அம்மாவின் போனை எடுத்துப் போகிறேன். அடிக்கடி அணைந்துவிடுகிறது. தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின நாள் அம்மா தனியாக உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தது அதில்தான் இருக்கிறது. நாற்பது நிமிடம். இனி அம்மாவுக்குக் குரல் கிடையாது. "தையல் பிரிச்சப்புறம் எல்லாரும் சேர்ந்து கேளுங்க. முன்னாடி தொட்டா உதைதான்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனாள்.

மார்ச் 5
நகல் எடுக்கும்போது ஒருமுறை அணைந்தது. போனை மறுபடி போட்டேன். பிறகு ஹாஷ். எவ்வளவு பெரிய கோப்பையும் அது அறுபத்து நான்கு எழுத்தாக்கிவிடும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் எழுத்தெல்லாம் மாறிப்போகும். தலைமைக் கடைக்கு அனுப்பிய நகலின் ஹாஷும் இங்கே எடுத்த ஹாஷும் பொருந்தினால்தான் போனை முழுதாக அழித்துச் சரிசெய்யலாம். பக்கத்தில் இன்னொருவர் நின்று பார்க்க வேண்டும். நான் யாரையும் கூப்பிடவில்லை. அம்மா பேசியதைக் கேட்டுவிடுவார்களோ என்று கூச்சம்.
பொருந்தியது. அழித்தேன். போன் இப்போது அணைவதில்லை.

மார்ச் 6
அம்மாவின் பதிவு பதினோரு வினாடிதான் ஓடுகிறது.
"சிவப்பு எரியுதா? ம், எரியுது. சரி..."
அப்புறம் ஒன்றுமில்லை. பொருந்துச்சே! எல்லா எழுத்தும் பொருந்துச்சே!

மார்ச் 7
கடைக்கார அண்ணன் பார்த்தார்.
"முதல் ஹாஷ் எதுல போட்ட? போன்லயா?"
"நம்ம கம்ப்யூட்டர்ல இருந்த நகல்ல..."
"அரைகுறை நகலையும் அதையே அனுப்பினதையும் ஒப்பிட்டா பொருந்தாம என்ன செய்யும்? ஏம்மா, என்னை ஒரு குரல் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"
போனுக்குள் மிச்சம் இருக்காதா என்று கேட்டேன்.
"இருந்தாலும் பூட்டித்தான் இருக்கும். நீ அழிச்சப்போ சாவியும் அழிஞ்சிருச்சு. சாவி இல்லாம அது வெறும் இரைச்சல்."
"எத்தனை நாள் ஆனாலும் நான் தேடறேன் அண்ணா."
"நம்ம ஆயுசு பத்தாதும்மா."

மார்ச் 8
வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 10
நாளை மறுநாள் தையல் பிரிக்கிறார்கள். "பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைக் கேட்டு வச்சிருக்கேன். உங்கம்மா திட்டறது தெருவுக்கே கேக்கட்டும்" என்று அப்பா சிரித்தார். எப்படிச் சொல்வேன்?

மார்ச் 12
சொல்லிவிட்டேன். அப்பா ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிச்சிருக்கலாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. அழுகைக்குக்கூடச் சத்தமில்லை.

மார்ச் 13
இன்றும் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மார்ச் 16
சாயங்காலம் அம்மா என்னை எதிரில் உட்கார வைத்தாள். கையில் மூன்று தாள். அன்று பேசியதில் நினைவிருந்ததையெல்லாம் எழுதியிருக்கிறாள். படி என்று சைகை காட்டினாள். படித்தேன். இல்லை என்று தலையாட்டினாள். ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: "சத்தமா. அதட்டு."
கடையில் பெயர் கேட்டாலே முனகுகிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டு அதன் முதல் வரியைக் கத்தினேன்: "என்னங்க, எத்தனை தடவை கூப்பிடறது? எல்லாம் ஆறிப்போகுது!"
"இதோ வந்துட்டேன்டி!" பின்பக்கமிருந்து அப்பா.
ஈரக் கையோடு அறை வாசல்வரை ஓடி வந்தவர், எங்கள் இருவரையும் பார்த்து அப்படியே நின்றார்.
அம்மா அடுத்த தாளை என்னிடம் நீட்டினாள்.