மாற்றாமல் விட்ட பச்சை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று முகத்தைச் சுளிப்பாய். ஊருக்கு வா என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுகிறவனிடம் வேறு எப்படிப் பேசுவது? தவிர, இரண்டே அறை உள்ள வீட்டில் நான் பேசுவதெல்லாம் உன் அத்தான் காதில் விழுகிறது. கடிதத்தை நீ கோபத்தில் கசக்கி எறிந்தாலும், பிறகு எடுத்து நீவிப் படிப்பாய். உன்னை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

போன் ரிப்பேர் கடை எப்படிப் போகிறது? நாளெல்லாம் நாற்காலியிலேயே இருந்தால் முதுகு புண்ணாகிவிடும். இடையிடையே படுக்க ஒரு பலகையாவது போட்டுக்கொள். சொன்னால் கேட்கிற ஆளா நீ, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. மலைப் பாதைகளில் நடக்கிறவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். விடுதிச் சலவையில் எனக்கு இடுப்பு ஒடிகிறது. ஒவ்வொரு போர்வையிலும் பாதி மலை ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்னொரு ஆள் போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். விடுதிக்காரம்மா எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவள், அவளா போடுவாள்?

இப்போது உன் அத்தான் விஷயம். மழை முடிந்ததும் பாதைக்காரரான அவர் எல்லா மலைப் பாதைகளையும் நடந்து பார்த்து, பாறைகளில் புது வர்ணம் வைப்பது உனக்குத் தெரியாததில்லை. நீயே டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனவன்தானே. குழந்தைகளும் தடி ஊன்றுகிறவர்களும் போகலாம் என்றால் பச்சை. மூச்சு வாங்கும் என்றால் மஞ்சள். கால் உறுதியானவர்களுக்கு மட்டும் என்றால் சிவப்பு. எந்தப் பாதைக்கு எந்த நிறம் என்று அவருக்குச் சம்பளம் தருகிற வன அலுவலகம்கூடச் சொல்வதில்லை. நடந்து பார்க்கிறவருடைய காலும் மூச்சும்தான் அளவு.

இந்த வருஷம் அவர் ஓடைப் பாதைக்கு மஞ்சள் வைத்துவிட்டு வந்தார். தவழுகிற பிள்ளைகூடப் போகக்கூடிய பாதை அது. பிறகு அருவிப் பாதைக்குச் சிவப்பு வைத்தார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் ஓடைப் பாதையின் மஞ்சளைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது. விடுதிக்காரம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அலுவலகத்து எழுத்தர் வீட்டுக்கே வந்து, பச்சை வர்ணம் தீர்ந்துவிட்டதா என்று மரியாதையாகத்தான் கேட்டார். இவரோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். மழையில் மண் எழும்பிவிட்டதாம், பாதை செங்குத்தாகிவிட்டதாம். எழுத்தர் போன பிறகு நானும் சிரித்தேன். இவருக்குக் கண் மங்குகிறது போல, கண்ணாடி வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் அவரோடு கூடப் போனேன். ஓடைப் பாலம் வருவதற்குள் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது என்றார். நன்றாகத்தான் கட்டியிருந்தது. அதை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நேரத்தை ஓட்டினார். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, தம்பி. அவர் தவறான நிறம் எதையும் வைக்கவில்லை. எப்போதும்போலத் தன் மூச்சைக் கொண்டுதான் அளந்திருக்கிறார். அந்த மூச்சுதான் குறைந்துபோயிருக்கிறது.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். இருதயம் வீங்கித் தளர்ந்துவிட்டதாம். ஆபரேஷனை உடம்பு தாங்காதாம். டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, அடுத்த மழையை அவர் பார்ப்பார் என்று சொல்வதற்கில்லை என்று மெதுவாகச் சொன்னார். இவர், “அப்ப நான் வச்ச கலரெல்லாம் சரிதானே” என்றார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். அவர் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக வந்தார்.

அலுவலகம் வேறு ஆளைப் போட்டுவிட்டது. நல்ல பிள்ளை. இவரிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் பழைய நிறங்களைத் திரும்ப வைத்தான்.

இனி எழுதப்போவது, உனக்குச் சொல்லவே கூடாது என்று அவர் என் வாயைக் கட்டிப்போட்ட விஷயம். நீ சாரத்திலிருந்து விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு ஒரு தடவைகூட இந்த ஊரை எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் போனில் சொன்னாயே, “மூட்டை மாதிரி நாலு பேர் என்னைத் தூக்கிட்டு ஏறணுமாக்கா? எனக்கு அந்த மலையே வேண்டாம்” என்று. அதை நான் அவரிடம் அப்படியே சொன்னேன். மறுநாள் காலையில், நீ கொத்து வேலைக்குப் போன நாளில் விட்டுப்போன, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேட்டு முனை வரைக்கும் ஒரு பாதை வெட்ட ஆரம்பித்தார். நீங்கள் இருவரும் மணிக்கணக்காக உட்கார்ந்து வெட்டிக்கதை அளப்பீர்களே, அதே முனைதான். நேராகப் போனால் ஏற்றம் அதிகம் என்று மலையை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். வேலை முடிந்து வந்த பிறகும், லீவு நாட்களிலும், வருஷக்கணக்காக இதே பிழைப்பு.

சுகாதார நிலையத்தில் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பார். எங்கே கை வலித்ததோ அந்த இடத்தை மறுபடி வெட்டுவார். நான் பாவம் பார்த்துப் பின்னால் கை வைத்தால் கோபம் வந்துவிடும். “தள்ளாதே. அவன் தனியா வரணும்” என்பார். ஊரே சிரித்தது. நானும்தான், மாப்பிள்ளை ஊர்வலம் எப்போது முடியும் என்று கேலி செய்திருக்கிறேன். இப்போது எங்கள் வாசலிலேயே ஒரு நாற்காலி நிற்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வருஷம் எல்லாப் பாதைகளுக்கும் நிறத்தை ஏற்றியவர், அந்தப் பாதைக்கு மட்டும் பச்சையை மாற்றவில்லை. அதன் முதல் வளைவு வரைகூட அவரால் நடக்க முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். அது தன் மூச்சுக்கு வெட்டினது இல்லை, உன் கைக்கு வெட்டினது என்றார். சாயங்காலங்களில் நான் அவரைத் தள்ளிக்கொண்டு போகிறேன். முனைக்கு முந்தின வளைவில் நிறுத்தச் சொல்லிவிடுகிறார். அதற்கு மேல் நீ வந்த பிறகுதானாம்.

தம்பி, உனக்குப் பட்ட அடி சின்னது இல்லை. நீ வராததற்கு உன்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் அவர் தினமும் பஸ் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. புது பஸ்ஸில் பின்கதவிலிருந்து சாய்பலகை இறங்குகிறது. டிரைவரிடம் நானே பேசிவிட்டேன். உன்னை இங்கே யாரும் தூக்கப்போவதில்லை.

வந்தால் அவரைப் பார்த்து அழாதே. அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பாதை நன்றாக இருக்கிறது என்றும் சொல்லித் தொலைத்துவிடாதே. ஏதாவது குறை சொல்லடா. இங்கே சக்கரம் இடறுகிறது, அங்கே திருப்பம் பத்தவில்லை என்று எப்போதும்போல வம்புக்கு இழு. அதைச் சரி பண்ணாமல் அந்த மனுஷன் போக மாட்டார். ஒன்றைச் சரி பண்ணி முடித்தால், இன்னொரு குறை கண்டுபிடித்துச் சொல்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா