முப்பத்தாறு கம்பிகள்

டாட்மர்டன்,
அக்டோபர் 19

அன்புள்ள ராய்ஸ்டனுக்கு,

உங்கள் முழங்கால் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று உங்கள் மகள் போனில் சொன்னாள். நல்லபடியாக முடியட்டும். ஸ்பெயினில் இன்னும் அரைக்கால் சட்டையோடுதான் திரிகிறீர்களாம். இங்கே பிடித்த மழை விட்டபாடில்லை. மேட்டுச் சாலை முழுக்கச் சேறு. பனிக்கு உப்புத் தூவும் வண்டிகூட ஒரு நடை வந்து போய்விட்டது.

நெவிலுக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். மதிய மாத்திரை போட்டுக்கொண்டு முன்னறையில் தூங்குகிறார். கட்டிலைக் கீழே இறக்கிவிட்டோம், மாடிப்படி இனி அவருக்கு ஆகாது. சாப்பாடென்றால் ஒரு கிண்ணம் சூப்பு, அதிலும் பாதி மிச்சம். இலையுதிர் காலத்துக்கென்று நான் சுட்ட இஞ்சிக் கேக்கை வீட்டுக்கு வரும் நர்ஸ்தான் தின்று தீர்க்கிறாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம், ராய்ஸ்டன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னதை உங்களிடம்தான் முதலில் சொன்னேன். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அதற்குப் பிறகுதான். நெவில் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பதையும் சொன்னேன் அல்லவா? டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தபோது இவர் எழுந்து நின்று, "பார்க்கிங் நேரம் முடிஞ்சிடும் டாக்டர், பொறவு பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போய் மழைக்கால சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினார். ஆகஸ்டில்! வழக்கமாக அக்டோபரில்தான் அது இறங்கும்.

ஒவ்வொரு வருஷமும் செய்வதையே செய்தார். ரிம்மின் பக்கவாட்டில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். மழைத்தண்ணீரும் மணலும் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மை அரைத்து அரைத்துக் குழித்துவிடும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கே மனப்பாடம். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. "இது இன்னொரு குளிர்காலம் தாங்காது பிரெண்டா. இறக்கத்துல வெடிச்சிடும்" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று யோசிக்கக் கூடாதென்று நான் தட்டுக் கழுவப் போய்விட்டேன்.

பிறகு புது ரிம் வரவழைத்தார். உங்களுக்குக் கடிதம் எழுதினார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் முப்பத்தாறு கம்பி, கம்பி நுனியை ரிம்மில் திருகிப் பிடிக்கப் பித்தளை நிப்பிள், நடுவே திறந்து பால்ரஸ் மாற்றிக் கிரீஸ் வைக்கிற பழைய ஹப், கெட்டியான சாதா அலுமினிய ரிம். ஐந்து குளிர்காலத்துக்கு அசையாது என்று எழுதியதாக என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஐந்து குளிர்காலம்!

அந்தக் கடிதத்துக்கு நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் சைக்கிள் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே போடுகிற சண்டை அது. மலை மேல் டீக்கடையில், நனைந்த கையுறையைப் பிழிந்து ஹீட்டர் மேல் காயப் போட்டுவிட்டு ஆரம்பிப்பீர்கள். டோஸ்டு ஆறிப் போகும். முப்பத்தாறு கம்பி எதற்கு, நீ என்ன பால்வண்டியா ஓட்டுகிறாய் என்பீர்கள். மூடிய பேரிங்கைப் போட்டுத் தொலை, தேய்ந்தால் தூக்கி எறி என்பீர்கள். டிஸ்க் பிரேக் போட்டால் ரிம்மே தேயாதே, எந்த நூற்றாண்டில் இருக்கிறாய் என்பீர்கள். இவரும் விடமாட்டார். "பேரிங்கைத் தூக்கி எறியறவன் பொண்டாட்டியையும் தூக்கி எறிவான்டா" என்று ஒருமுறை உங்கள் எல்சியின் முன்னாலேயே சொல்லி, எல்சி சிரித்துச் சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டாள். இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் நீங்கள் பிடித்ததற்கு இரண்டுதான். நீங்கள் ஸ்பெயின் போன பிறகும் சண்டை நின்றதா? தபாலில் வந்தது. வருஷா வருஷம் நாலு பக்கம், அடிக்கோடுகளோடு.

இந்த வருஷம் நீங்கள் ஒரே பக்கம் எழுதினீர்கள். "நீ சொல்வதுதான் சரி, நெவில். யோசித்துப் பார்த்தால் எப்போதுமே நீ சொன்னதுதான் சரி."

அன்போடுதான் எழுதினீர்கள். தெரியும். அதை எழுதும்போது நீங்கள் அழுதிருப்பீர்கள் என்றும் தெரியும். ஆனால் ராய்ஸ்டன், உங்களுக்கு மூளை இருக்கிறதா?

காலையுணவு மேஜையில் வைத்துத்தான் படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார். மடித்து டீக்கெண்டிக்கு அடியில் வைத்தார். "அவன்கிட்ட என்ன சொன்ன நீ?" என்று கேட்டார். நான் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவினேன். "சரி, எனக்கு எவ்வளவு நாளு குடுத்திருக்காங்க?" என்றார்.

டாக்டரால் சொல்ல முடியாததை, நான் சொல்லப் பயந்ததை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள்.

அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் போகவில்லை. புது ரிம் வந்த அட்டைப்பெட்டி பிரிக்காமல் நடையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளப் ஆட்கள் மழைக்கோட்டோடு வீட்டைக் கடந்து போகையில் மணியடிக்கிறார்கள். முன்பெல்லாம் ஜன்னலைத் திறந்து, யாருடைய மட்கார்டில் மடல் தொங்கவில்லை, யார் பின்னால் வருகிறவன் முகத்தில் சேறடிக்கிறான் என்று கத்துவார். நான் பாத்திரம் கழுவும் திரவம் வாங்கி முடிப்பதற்குள் பாட்டிலை வெட்டி மடல் செய்து யாருக்காவது கொடுத்துவிடுவார். இப்போது மணிச் சத்தம் கேட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

ஆகவே கெஞ்சிக் கேட்கிறேன். அவரைத் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள். போன கடிதம் எழுதும்போது காய்ச்சல், புத்தி பேதலித்திருந்தது என்று சொல்லுங்கள். முட்டாள் என்று எழுதுங்கள். அவர் நம்பப் போவதில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எழுதுங்கள். உங்கள் இரக்கத்தை என்னிடம் அனுப்புங்கள், நான் வைத்துக்கொள்கிறேன். அவருக்குச் சண்டையை அனுப்புங்கள்.

சீக்கிரம் அனுப்புங்கள்.

பிரெண்டா


டாட்மர்டன்,
நவம்பர் கடைசி

அன்புள்ள ராய்ஸ்டனுக்கு,

அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். கால் கட்டோடு விமானம் ஏறி வந்திருந்தால் நானே திட்டியிருப்பேன். கிளப்பில் எல்லாரும் வந்தார்கள். நல்ல மழை. சவவண்டிக்குப் பின்னால் மேடு முழுக்க மழைக்கால சைக்கிளிலேயே ஏறி வந்தார்கள். ஒருவரும் ஒருவர் மேலும் சேறடிக்கவில்லை. எல்லார் மட்கார்டிலும் என் பாத்திரம் கழுவும் பாட்டிலில் வெட்டிய மடல்.

உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு பக்கம்! இவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலேயே முகம் சிவந்துவிட்டார். "மழையே பெய்யாத ஊர்ல ஒக்காந்துகிட்டு எனக்கு ஈரச் சக்கரம் சொல்லித்தர்றான் பாரு இந்தக் கழுதை!" என்றார். சிரித்தாரா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு தன் கம்பளி அங்கியைக் கேட்டார்.

கொட்டகையில் சாய்வு நாற்காலி போட்டு, மடியில் சுடுநீர்ப்பை வைத்து உட்கார வைத்தேன். நான் ஒவ்வொரு கம்பியாக எடுத்துக் கொடுக்க, அவர் கோத்தார். கொஞ்ச நேரம் கோத்தால் மிச்ச நாள் முழுக்கத் தூக்கம். நிப்பிளின் மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடாவிட்டால் சாலை உப்பு அரித்து அடுத்த வருஷம் திருகவே வராது என்று என்னை விரட்டினார். முன்சக்கரத்தைக் கோட்டம் எடுத்து முடித்தார். சுற்றிவிட்டுப் பார்த்தேன், ஒரு மயிரிழை ஆடவில்லை. கம்பிகளை விரலால் மீட்டச் சொன்னார். எல்லாம் ஒரே சுருதி. அன்று சூப்பை முழுக்கக் குடித்தார்.

பின்சக்கரத்துக்குக் கம்பி கோத்துவிட்டார். கோட்டம் எடுக்க உடம்பு விடவில்லை. அது அப்படியே தாங்கியில் தொங்குகிறது. தொட்டால் கோணிக்கொண்டு சுற்றுகிறது. கடைசி வாரத்தில் ஒருநாள் தெளிவாக இருந்தபோது, கடைக்காரரிடம் கொடுத்து முடிக்கட்டுமா என்று கேட்டேன். "கடைக்காரன் வேணாம். ராய்ஸ்டன் வருவான், அவன்கிட்ட குடு. கெடுப்பான். கெடுக்கட்டும்" என்றார். பிறகு சக்கரத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

ராய்ஸ்டன், ஒரு மாதம் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்து சாகவேண்டியவர். உங்கள் ஆறு பக்கத்தால் கையில் கிரீஸோடு போனார். அடக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்ய வந்த பெண்ணிடம், நகத்திலிருந்த அழுக்கைத் துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் சத்தமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. நர்ஸும் வருவதில்லை. பக்கத்து வீட்டார் நல்லவர்கள், நான் எது சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள். இப்போதுதான் புரிகிறது, அந்த ஒரு பக்கக் கடிதம் இவரை என்ன செய்திருக்கும் என்று.

கால் தேறியதும் வாருங்கள். வெயில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், மழையிலேயே வாருங்கள். மாடியறையில் படுக்கை விரித்து வைத்திருக்கிறேன். பின்சக்கரத்தை முடித்து, அந்த இரண்டையும் உங்கள் வண்டியில் மாட்டி, ஓட்டிவிட்டு வந்ததும் ரிம்மைத் துடைத்து வையுங்கள். உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, முப்பத்தாறு கம்பி எந்த மடையனுக்கு வேண்டும் என்று சத்தமாகக் கேளுங்கள். எனக்குச் சக்கரத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. ஆனாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
பிரெண்டா