மூன்று நடுவர்களும் ஒரு தென்னம்பாளையும்

ஜனவரி 20, 2025, திங்கள்

பட்டுப்புழுவெல்லாம் கூடு கட்டி முடித்துவிட்டது. இனி நாலு நாள் முதுகை நிமிர்த்தலாம்.

நிமிர்த்த விட்டால்தானே! ஷெட்டை ஒட்டிய அறைக்கு மறுபடியும் பஞ்சாயத்து. கொழுந்தனாருக்கு அங்கே புழுத்தட்டு அடுக்க வேண்டுமாம். என் கத்தரியும் பசையும் கழித்துப்போட்ட கூடுகளும் இருக்கிற இடம் அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது தீர்ப்புச் சொல்லிவிட்டார். "திருவிழால பரிசு வாங்கிட்டு வா, ரூமு உனக்கு. இல்லன்னா தட்டு அடுக்கிக்கிறோம்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல?

ஜனவரி 21

சனிக்கிழமை தருமபுரியில் கலை, கைவினைத் திருவிழா. பட்டுக்கூட்டில் ஒரு தென்னம்பாளை செய்கிறேன். கூட்டை இதழிதழாக வெட்டினால் பூ. முழுக்கூட்டை அப்படியே வைத்தால் குரும்பை, தேங்காய்ப் பிஞ்சு. அச்சு அசல் குரும்பைதான்.

எப்போதும் இட்லிப் பானையில் ஆவி காட்டி, உள்ளே இருப்பதைக் கொன்ற பிறகுதான் முழுக்கூட்டைத் தொடுவேன். ஆனால் ஆவி பட்டால் பளபளப்பு செத்துவிடுகிறது. இந்த முறை காட்டவில்லை. பூச்சி வெளியே வர இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் போட்டியே முடிந்துவிடும்.

ஜனவரி 22

அமைப்பாளர் கலைவாணன் வாட்ஸ்அப் குழுவில் நடுவர்களைப் பற்றிப் போட ஆரம்பித்திருக்கிறார். முதல் ஆள் மாதவராஜ். சிற்பம் படித்தவர், ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் செய்கிறவர்.

கால் செய்கிறவருக்குப் பாளையைப் பற்றி என்ன தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது.

ஜனவரி 23

கழுதை நான்தான்.

புழுவுக்கு மல்பெரித் தழை பறிக்க வரும் தீர்த்தம்மாளக்காவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது. பொய்க்கால் மாட்டித்தான் வரப்பில் நடக்கிறார். பேச்சுவாக்கில் மாதவராஜ் பெயரைச் சொன்னேன். அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கி, "இது அவரு செஞ்சதுதானுங்க" என்றார். "என் நல்ல காலுல சுண்டுவிரலு கோணலுங்க. அதப் பாத்துட்டு இதுலயும் கோணலா இழைச்சு வெச்சிட்டாரு. எதுக்கு சார்னு கேட்டதுக்கு, ரெண்டும் ஒரே அம்மாவோட காலுதானேன்னாரு."

உட்கார்ந்து பார்த்தேன். கோணல்தான். யார் பார்க்கப்போகிறார்கள் அந்த விரலை? தழைக் கட்டைத் தூக்கவே மறந்துபோனேன்.

ஜனவரி 24

திருவிழா தள்ளிப்போகிறது. சனிக்கு மறுநாள் குடியரசு தினம், மைதானம் கிடைக்கவில்லையாம். பிப்ரவரி ஒன்றுதான்.

நல்லதுதான். அந்தக் கோணல் விரலைப் பார்த்த பிறகு என் பூக்கள் எல்லாம் ஒரே வார்ப்பில் எடுத்தது மாதிரி தெரிகின்றன. பிரித்து மறுபடி செய்யப்போகிறேன்.

ஜனவரி 27

இரண்டாவது நடுவர் பானுமதி. அருங்காட்சியகத்தில் கிழிந்த பழந்துணிகளைச் செப்பனிடுகிறவர். ஒரே ஒரு திரைச்சீலையோடு மூன்று வருடம் இருந்திருக்கிறார். ஒட்டுப்போட்ட இடம் உற்றுப் பார்த்தால் தெரிய வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கமாம். மறைத்தால் அது பழைய துணிக்குச் செய்கிற துரோகம் என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று வருடம்! நான் ஒரு ஜாக்கெட் கிழிசலுக்கு மூன்று நிமிடம் பொறுக்க மாட்டேன்.

ஜனவரி 29

மூன்றாமவர் கூத்துக்காரர் அர்ச்சுனன். பெயர் அர்ச்சுனன், கட்டுவது பாஞ்சாலி வேஷம்! படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கலைவாணன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கல்யாண முருங்கைக் கட்டையில் அவரே செதுக்கிய கிரீடம். பகலில் குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை. கிரீடத்தின் உள்பக்கம்கூட இழைத்திருக்கிறார், தலைக்குள் போகிற பக்கம்.

இப்படிப்பட்ட மூன்று பேர் என் பாளையைக் கையில் எடுப்பார்கள். பயமாக இருக்கிறது. பரிசு, அறை எல்லாம் இருக்கட்டும் — அவர்கள் கண்ணில் பட்டால் போதும் என்றுகூடத் தோன்றுகிறது. பொய். அறையும் வேண்டும்.

பிப்ரவரி 1, சனி

எப்படி எழுதுவது.

காலையிலேயே மேசையில் வைத்துவிட்டேன். நடுவர்கள் என் வரிசைக்கு வரும்போது ஒரு குரும்பையின் முனையில் ஈரம். பனி என்று துடைக்கப் போனேன். பழுப்பாக ஒட்டியது. அய்யோ — அப்போதுதான் உறைத்தது. தள்ளிப்போன நாட்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பூவைப் பிரித்துக் கட்டினேனே, குரும்பைக்கு ஆவி காட்டணும்னு தோணலையே! புழு வளக்குற குடும்பத்துல வாக்கப்பட்டு இத்தனை வருசம்... எனக்கா மறக்கணும்?

கூட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு தலை வந்தது. அடுத்ததில் இன்னொன்று. கலைவாணன் ஓடி வந்து, "அக்கா, பூச்சிங்க! எடுத்துரலாமுங்க" என்றார். பானுமதி கையை உயர்த்தி, "யாரும் தொடாதீங்க" என்றார்.

மூன்று பேரும் நின்றார்கள். அர்ச்சுனன் ஐயா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், கூத்துக் களத்தில் இறங்குகிறவர் மாதிரி. மாதவராஜ் மண்டியிட்டுக் கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். "பாருங்க, பாருங்க, பொறந்த நிமிசமே காலு எப்பிடி ஊனுது!" என்றார், குழந்தை மாதிரி. கசங்கிய சிறகு மெல்ல நிமிர்ந்தது. பட்டுப்பூச்சி பறக்காது, படபடக்க மட்டும் செய்யும். வருடம் முழுக்க வளர்க்கிறேன், ஆனால் நாங்கள் கூட்டை விற்றுவிடுவோம். ஒரு பூச்சி முழுசாக வெளியே வருவதை இன்றுதான் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, அவமானமா ஆச்சரியமா என்றே தெரியவில்லை.

பிறகு பானுமதி என்னிடம் வந்தார். "பூச்சிய நீங்க செய்யலைங்கம்மா, அதுக்கு மார்க் போட முடியாது. நீங்க செஞ்சது கறைபட்டுப்போச்சு. ஆவி காட்டியிருக்கணும்." அவ்வளவுதான். இரக்கப்பட்டு ஒரு வார்த்தை இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

முதல் பரிசு அரூர்க்காரப் பெண்ணின் மூங்கில் கூடைக்கு. அது நியாயம்.

பிப்ரவரி 2

நேற்றுக் கூட்டத்தின் பின்னால் இவரும் நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 4

கத்தரி, பசை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். பேச்சு என்றால் பேச்சு. கொழுந்தனார் தட்டுகளோடு வந்தார். இவர் அவரைத் தடுத்து, "பின்னால தகரச் சீட்டுல சாய்ப்பு இறக்கி அடுக்கிக்கலாம்டா" என்றார்.

"பரிசுதான் வர்லியே அண்ணா?"

"வர்ல. அவ்ளோ பெரிய மனுசங்க மண்டி போட்டுப் பாத்தாங்கடா."

என்னைப் பார்க்கவே இல்லை. மூட்டையை அவரே தூக்கி உள்ளே வைத்தார்.

ஜூன் 15

ஒரு பூச்சிக்கு வழி விட்டு, ஓட்டைக் கூட்டிலேயே பூ செய்து பார்த்தேன். ஓட்டை இருக்கிற பக்கம்தான் அழகு.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

இந்த வருடம் என்னை நடுவராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாதவராஜ்தான் பெயர் சொன்னாராம். கலைவாணன் என்னைப் பற்றி நாலு வரி கேட்டார். பேனாவோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காலும் செய்யவில்லை, கிரீடமும் செதுக்கவில்லை. கடைசியில் எழுதி அனுப்பினேன்: "கலைமதி, அதியமான்கோட்டை. பட்டுப்புழு வளர்ப்பவர். கூட்டில் பூ செய்பவர். சென்ற ஆண்டு ஆவி காட்ட மறந்து, நடுவர்கள் முன் பூச்சி வெளியே வந்ததால் தோற்றவர்."

உடனே போன். "அக்கா, நல்லாருக்குதுங்க. அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துரட்டுங்களா? பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

"அத எடுத்துட்டா நான் எதுக்கு நடுவரு?" என்றேன். "இருக்கட்டும் தம்பி."