முன் டயரைத் துடைக்காத

வள்ளி,

நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். தம்பி வேல்ராஜுக்கு இன்னும் நினைவு வரல. சோறு ஆக்காத, எனக்கு எறங்காது. ஷெட்டுச் சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கு. இலத்தூர்ல இருந்து உங்க அண்ணன், தம்பி எப்படி விழுந்தான்னு என் சைக்கிளைப் பாக்க வருவாரு, தொறந்து காட்டு. முன் டயரை மட்டும் துடைச்சிராத.

நேத்து எல்லாரும் தம்பி மலையில வேகமா எறங்குனதைத்தான் குத்தம் சொன்னீங்க. நானும் தலையாட்டுனேன். வேகமில்ல, வள்ளி. போன வாரம் பழைய குற்றாலத்துப் பாதையில கல்லு கிழிச்சு, அந்த டயரோட பக்கவாட்டுல வெட்டு விழுந்துச்சு. டியூப் இல்லாத டயரு. தரையில படுற எடத்துல ஓட்டைன்னா பஞ்சர் ஸ்ட்ரிப் சொருகுனா நிக்கும். பக்கவாட்டு அசைஞ்சுகிட்டே இருக்குற எடம், அங்க நிக்காது. டயரை மாத்தணும். தெரிஞ்சேதான் சொருகுனேன். ஓட்டை அடைக்க டயருக்குள்ள ஊத்துற லிக்விட் வெள்ளையா கசிஞ்சதை ஷூ பாலிஷ் தேய்ச்சு மறைச்சேன். நீ பாத்தா என்னைய மலைக்கே விடமாட்டன்னு.

உங்க அண்ணன்கிட்ட நீ எதுவும் சொல்லாத. நானே வந்து சொல்லுதேன்.

அடியில எடமில்ல, ஓரத்துல எழுதுதேன். என் சைக்கிளை எடுக்கும்போது தம்பி, "காத்து பாத்தியாண்ணே"ன்னு கேட்டான். "பாத்துட்டேம்லே"ன்னேன். பொய்யில்ல. காத்து மட்டுந்தான் பாத்தேன்.